ஊறிப்போகாத சாண்ட்விச்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

மகன் தொடக்கநிலை 1-இல் சேர்ந்த முதல் வாரம். இடைவேளைக்கு என்று காலை 6 மணிக்கே சாடின் சாண்ட்விச் செய்து டப்பாவில் வைத்து அனுப்புவேன். மதியம் டப்பா அப்படியே திரும்பி வரும். திறந்தால் ரொட்டி கூழாகி, மீன் ஒரு பக்கமாக வழிந்து கிடக்கும். "கையெல்லாம் ஒட்டுதும்மா" என்றான். பிள்ளை பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறானே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டு மலாய் மாக்சிக்கிடம் (மலாயில் மாக்சிக் என்றால் அத்தை, அம்மா மாதிரி) இதைச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் என் அடுப்படிக்கே வந்துவிட்டார். டின்னில் இருக்கும் தக்காளிக் குழம்பையும் சேர்த்துப் பிசைவதுதான் என் வழக்கம். அவர் மீனை மட்டும் எடுத்து, நடுமுள்ளை நீக்கி, முள்கரண்டியால் மசித்தார். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, மீனோடு ஒரே ஒரு கரண்டி குழம்பு விட்டு, ஈரம் வற்றும்வரை கிளறினார். கடைசியில் கொஞ்சம் லிமாவ் (எலுமிச்சை) சாறு. நான் உடனே ரொட்டியில் வைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "துங்கு செஜுக்", ஆறட்டும் என்றார். சூட்டோடு மூடினால் அந்த ஆவியே தண்ணீராகி ரொட்டிக்குள் இறங்கிவிடும். அத்தனை நாளும் நான் செய்த தவறு அதுதான்.

அப்புறம், பாக்கெட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு துண்டுகளை எடுத்துப் புத்தகம் போல விரித்து வைத்தார். அப்படி எடுத்தால் மூடும்போது ஓரத்தோடு ஓரம் பொருந்துகிறது. வெண்ணெயையும் நடுவில் மட்டும் இழுத்துவிடாமல் ஓரம்வரை தடவினார். மீனின் ஈரம் ரொட்டியைத் தொடாமல் அந்தக் கொழுப்பு தடுத்துவிடுகிறது. இப்போது டப்பா காலியாகத்தான் வருகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

* * *

அக்கா, எங்கள் வீட்டில் சைவம். தேக்கா சந்தையில் வாங்கும் புதினா, கொத்தமல்லியில் சட்னி அரைத்துத் தடவுவோம். அதுவும் ஊறத்தான் செய்தது. மாமியார்தான் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரைக்கச் சொன்னார். தேங்காய் வேண்டாம் என்றார், இந்த வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று பாருங்கள். அதை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டு அடுக்குவேன். தக்காளி என்றால் விதைப் பகுதியை வழித்துவிடுவேன்.

* * *

நான் காப்பிக்கடையில் பல வருடம் ரொட்டி வாட்டியவன். வீட்டில் பலரும் கத்தியை அழுத்தி வெட்டுவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. ரொட்டி நசுங்கி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே பிதுங்கிவிடும். பல் வைத்த கத்தி வாங்குங்கள். அழுத்தாமல் ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் போதும், தானாக இறங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை வெட்டுவதானால் உள்ளே வைத்து மூடிய பிறகு வெட்டுங்கள், நாலு பக்கமும் ஒரே மட்டமாக வரும்.

* * *

எனக்கு ஒரு சந்தேகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் கட்டியாக இருக்கிறது, தடவினால் ரொட்டி கிழிகிறது. வெளியே வைத்தால் உருகி ஓடுகிறது. என்ன செய்யலாம்?

* * *

முதலில் எழுதிய நான்தான். வெண்ணெயைப் படுக்கப் போகும் முன் வெளியே எடுத்து வைக்காதீர்கள், அடுப்படிக்கு வந்ததும் எடுத்து வைத்தால் போதும். ரொட்டியை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். சாதாரணக் குளிரில் வைத்தால் ரொட்டி சீக்கிரம் வறண்டுபோகும், வெளியே வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும். உறைந்த துண்டு விறைப்பாக இருப்பதால் வெண்ணெய் தடவும்போது கிழியவே கிழியாது. நான் காலையில் அப்படியே செய்து டப்பாவில் வைத்துவிடுகிறேன். இடைவேளை வருவதற்குள் மெத்தென்று ஆகிவிடுகிறது என்று மகன் சொல்கிறான். காப்பிக்கடை அண்ணனுக்கு நன்றி, பல் கத்தி வாங்கிவிட்டேன்.