ஆறு வருஷமா கைமடிதான். மெஷின் எப்போ கிடைக்கும்?

கமுதிக்காரி:
வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை. ஊரு கமுதி பக்கம். கல்யாணமாகி வந்து ஆறு வருஷம், அன்னைல இருந்து கைமடிதான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: டெய்லர் பக்கத்துல நின்னு பீஸ் எடுத்துக் குடுத்து, தைச்சதை வாங்கி மடிச்சு அடுக்குற வேலை.

எனக்கு ஓவர்லாக் (துணி ஓரத்தைத் தைக்கிற மெஷின்) ஓட்டத் தெரியும். சாப்பாட்டு நேரத்துல வேஸ்ட் துணியில ஓட்டி ஓட்டிக் கத்துக்கிட்டேன். ஷிப்மென்ட் நெருங்கி ஆள் வரலைன்னா, "நீ உக்காரும்மா"ன்னு சூப்பர்வைசரே சொல்வாரு. ஆனா சனிக்கிழமை சம்பளக் கவர்ல கைமடிக் கூலிதான். எனக்கு ரெண்டு வருஷம் பின்னாடி கைமடியாவே சேர்ந்த என் கொழுந்தன் இப்போ டெய்லர்.

இது ஆம்பளை பொம்பளை பேதம் மட்டும்னா விட்டுருவேன். எங்க லைன்லயே உள்ளூர் அக்காமார் ரெண்டு பேரு டெய்லரா இருக்காங்க. அவங்களுக்கு அம்மா வீடு ரெண்டு தெரு தள்ளி. புள்ளைய விட்டுட்டு ஒன்றரை ஷிப்ட் நிப்பாங்க. எனக்கு இங்க யாரு இருக்கா? ஒரு ஷிப்ட் முடிஞ்சதும் ஓடணும். "ஒன்றரை ஷிப்ட் நிக்காத ஆளுக்கு மெஷின் குடுத்தா புரொடக்‌ஷன் என்னாகும்?"னு கேக்குறாங்க. ஹாஸ்டல்ல இருக்குற ஒடிசாப் பொண்ணுங்க டெய்லர்தான். ஆனா வார்டன் இல்லாம கடைக்குக்கூடப் போக முடியாது, பக்கத்துக் கம்பெனியில கூலி கூடன்னு தெரிஞ்சாலும் போக முடியாது.

வேலையும் போகாம இதைக் கேட்க வழி இருக்கா?

சங்கத்து ஆள்:
தங்கச்சி, இங்க சங்கமும் முதலாளிகளும் போடுற ஒப்பந்தத்துல கட்டிங், டெய்லர், கைமடி, செக்கிங்னு தனித்தனிக் கூலி. அதனால ஏமாத்து கூலியில நடக்காது, பதவிப் பேர்ல நடக்கும். 1976 சம ஊதியச் சட்டமும் சரி, அதுக்குப் பதிலா வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, பதவிப் பேரைப் பாக்கிறதில்ல. ஒரே வேலை, இல்லைன்னா ஒரே தன்மையுள்ள வேலைன்னுதான் சொல்லுது. மெஷின்ல உக்காந்த நாளைத் தேதி போட்டு எழுதி வைங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: கொழுந்தனோட ஒப்பிட்டுக் கேக்கலாம், உள்ளூர் அக்காமாரோட ஒப்பிட்டுக் கேக்க இந்தச் சட்டத்துல இடம் இல்லை, இது ஆம்பளை பொம்பளை பேதத்துக்குத்தான்.

வெளிமாநிலத் தொழிலாளிக்குன்னு 1979ல ஒரு சட்டம் வந்துச்சு. அது மாநில எல்லையைத் தாண்டினவங்களுக்குத்தான் இருந்துச்சு. கமுதியில இருந்து முந்நூறு கிலோமீட்டர் வந்த நீங்க அதுல புலம்பெயர்ந்தவங்களே இல்லை!

குழந்தை விஷயம் வேற. 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துல வந்த விதிப்படி, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல காப்பகம் இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை தாய் போய்ப் பாக்கலாம். அதை நீங்க தனியாக் கேக்காதீங்க, லைன்ல பத்துப் பேரா சேர்ந்து கேளுங்க.

பழைய செக்கிங்:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா நாளாகும். நான் பாத்த வரைக்கும் கைமடியா சேர்ந்த கம்பெனியிலேயே டெய்லர் ஆன பொம்பளைங்க கம்மி. வேற கம்பெனிக்குப் போய், "நான் ஓவர்லாக் டெய்லர்"னு சொல்லி உக்காரு. நாலு பீஸ் தைச்சுக் காட்டச் சொல்வாங்க, அவ்ளோதான். நானும் அப்படித்தான் மாறினேன், முதல் நாள் கை நடுங்கிச்சு. பி.எஃப். பழைய யு.ஏ.என். நம்பர்லயே (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) தொடரச் சொல்லு, புதுசு போட விடாதே.

கணக்கு நோட்டு:
ஒரு சின்ன இடைச்செருகல். 2020-21 தொழிலாளர் கணக்கெடுப்புல, இடம்பெயர்ந்த பெண்கள்ல 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் கல்யாணம்னு பதிவாகியிருக்கு. கமுதிக்காரியும் அந்தக் கணக்குலதான் வருவாங்க. கல்யாணமாகி வந்து மறுவாரமே வேலைக்கு நின்னவங்களை அந்த ஒத்தைக் காரணம் மறைச்சிருது.

கமுதிக்காரி:
சரியாச் சொன்னீங்க. கணக்கெடுக்க வந்தப்போ வீட்டுக்காரரே "கல்யாணம்"னு சொல்லிட்டாரு, நான் அப்போ டூட்டியில!

ஐடி கார்டு எடுத்துப் பாத்தேன், "ஹெல்பர்"னு இருக்கு. இந்த மாசம் ஒன்பது நாள் மெஷின்ல உக்காந்திருக்கேன், நோட்டுல ஏத்திட்டேன். அக்கா, பஸ்ல வர்றப்போ "ஓவர்லாக் டெய்லர் தேவை"ன்னு ஒரு கம்பெனி கேட்டுல போர்டு பாத்தேன். ஞாயித்துக்கிழமை போறேன். கூலியைக் கேக்குறதுக்கு முன்னாடி புள்ளைய எங்க விடுறதுன்னு கேக்கணும்.