பங்காளி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்: வீட்டுக்காரர்கள் நினைத்த நேரத்தில் உள்ளே வரலாமா?

கேட்டவர்: கோட்டையூர்க் குடித்தனக்காரர்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், பழைய நகரத்தார் வீடு ஒன்றின் இரண்டாம் கட்டில், அதாவது உள்ளே இரண்டாவது பகுதியில், என் தாயார், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். முகப்பும் பட்டாலை என்னும் கூடமும் முதற்கட்டு வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். எங்களுக்கு விடப்பட்டவை இரண்டாம் கட்டு வளவு, அதையொட்டிய இரண்டு அறைகள், அடுப்படி, கிணற்றடி ஆகியவை. நாங்கள் பின்வாசல் வழியாகவே புழங்குகிறோம். முதற்கட்டையும் இரண்டாம் கட்டையும் இணைக்கும் நடுக்கதவின் சாவி மட்டும் வீட்டுக்காரர்களிடமே இருக்கிறது.

வீடு நான்கு புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) பொதுவானது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் சென்னையிலுள்ள மூத்தவர் ஒருவரே. அவரால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மற்ற பங்காளிகளோ கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), சொத்து விசாரணை என்று வரும்போதெல்லாம் சொல்லாமல் நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். சென்ற பங்குனியில் ஒரு நண்பகல், அவர்களில் ஒருவர் நாங்கள் அறியாத நால்வரை அழைத்து வந்தார். என் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வளவில் அமர்ந்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். தூண்களையும் மேற்கூரை மர வேலைப்பாட்டையும் கைப்பேசியில் படம் பிடித்தவர்கள், கொடியில் காய்ந்த துணிகளையும் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த என் தாயாரையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள். படப்பிடிப்புக்கு வீடு தேடித் தரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காணொளியைப் பின்னர் நானே பார்த்தேன். கேட்டதற்கு, "என் வீட்டைப் பார்க்க நான் யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்?" என்றார்.

நாங்கள் ஊரில் இல்லாத நாள்களில், மின் அளவியைப் பார்ப்பதாகச் சொல்லிக் காவல்காரரும் உள்ளே வந்து போகிறார் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். வாடகை குறைவு, தண்ணீர் நல்ல தண்ணீர், மகளுக்குக் கல்லூரியும் பக்கம். ஆகவே சண்டையிட்டுக்கொண்டு வெளியேற எனக்கு விருப்பமில்லை. ஆயினும் சட்டப்படி எங்களுக்கு என்ன உரிமை உண்டு, கையெழுத்திடாத பங்காளிக்கு உள்ளே வரும் உரிமை உண்டா, நடுக்கதவுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பூட்டுப் போடலாமா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எங்களுடையது முத்திரைத்தாளில் எழுதிய பதினொரு மாத ஒப்பந்தம். எங்கும் பதிவு செய்யவில்லை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

ஐயா, வீட்டை வாடகைக்கு விட்ட நாள் முதல் உரிமை அவர்களிடமும் அனுபவம் (வீட்டைக் கையில் வைத்துப் புழங்கும் நிலை) உங்களிடமும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் "என் வீட்டைப் பார்க்க யார் உத்தரவு" என்ற கேள்வி பிறக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவிலேயே இரு பக்கத்துக்கும் வழி சொல்லியிருக்கிறது. வாடகையை ஒழுங்காகச் செலுத்தி நிபந்தனைகளைக் காப்பவர் இடையூறின்றி அனுபவிக்கலாம் என்பது உங்களுக்கு. உரிமையாளரோ அவருடைய முகவரோ நியாயமான நேரங்களில் வந்து கட்டடத்தின் நிலையைப் பார்வையிட இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு. பார்வையிடுவதையே தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

அந்த "நியாயமான நேரம்" எது என்பதைத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தெளிவுபடுத்தியது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இச்சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, உரிமையாளரோ சொத்து மேலாளரோ உள்ளே வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வரும் காரணம், நாள், நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்; அந்த நேரமும் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். பழுது பார்ப்பது, வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்கே இந்த வழி. தீ, வெள்ளம், புயல் போன்ற அவசரத்தில் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படப்பிடிப்புக்காரருக்குத் தூணைக் காட்டுவது இவற்றுள் எதிலும் அடங்காது. ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் ஒப்பியிருந்தாலன்றி அதற்கு இடமில்லை.

பங்காளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பொதுச் சொத்தில் அவருக்குப் பங்கு இருப்பது உண்மைதான். ஆனால் நால்வருக்கும் பொதுவான ஒன்றை ஒருவர் மற்றவர்களின் சம்மதத்தோடு உங்களுக்கு விட்டிருக்கிறார், வாடகையை நால்வரும் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால், அந்த விடுகையும் நால்வரையும் கட்டும். பங்கு இருப்பதனாலேயே ஒருவர் அறிவிப்பின்றி நுழைந்துவிட முடியாது. காவல்காரர் அவர்கள் சார்பில் வருவதானால், அவரைச் சொத்து மேலாளராக அமர்த்தியதையும், எந்தெந்த வேலைக்கு அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் உரிமையாளர் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனம் உண்டு. இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. நம் பக்கத்துக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில் இருக்கிறது. பதிவில்லாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே முறையிடுவது கடினம். அடுத்த பதினொரு மாதத்துக்குப் புதுப்பிக்கும்போது, எந்தெந்தக் கட்டும் அறையும் உங்களுக்கு விடப்பட்டவை, எவை பொது வழி, யாருடைய அறிவிப்பு செல்லும் என்பவற்றை எழுதிப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்தியை எழுத்து மூல அறிவிப்பாக இரு தரப்பும் ஏற்பதாக ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் "சொன்னேன்", "சொல்லவில்லை" என்ற பேச்சே மிஞ்சும்.

நடுக்கதவில் துளையிட்டுப் புதுப் பூட்டுப் போடாதீர்கள். அந்தப் பர்மாத் தேக்கில் ஒரு திருகாணி இறங்கினாலும், பேச்சு அவர்கள் எடுத்த காணொளியை விட்டு அந்தத் துளைக்குப் போய்விடும். அந்தக் கதவில் உங்கள் பக்கம் பழைய தாழ்ப்பாள் இருந்தால், நீங்கள் வீட்டில் இருக்கும்போது அதைப் போட்டுக்கொள்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

மறுமொழி 2: சென்னைவாழ் பங்காளி

நானும் ஒரு பங்காளி வீட்டில் பங்குள்ளவன் என்பதால், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நியர்களை அழைத்து வந்ததையும் பெண்கள் இருக்கும் வளவைப் படம் பிடித்ததையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். அவர் செய்தது பங்காளிகளுக்கே தலைகுனிவு.

ஆனால் நாங்கள் உள்ளே வந்து பார்க்க விரும்புவதெல்லாம் வேவு பார்ப்பதற்காக அன்று. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் குரங்கு ஓடியோ கிளை விழுந்தோ இரண்டு ஓடு நகர்ந்துவிட்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் நேரே உத்திரத்தில் இறங்கும். கீழே குடியிருப்பவருக்குச் சுவரில் ஒரு ஈரத் திட்டு மட்டுமே தெரியும். மேலே மரம் இற்றுக்கொண்டிருக்கும். கறையானும் அப்படித்தான், நிலைப்படியின் பின்புறத்திலிருந்து ஏறும். எங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார். அது சிமெண்டினால் ஆன கல். அமிலம் பட்டால் மேற்பூச்சின் நிறமும் மினுக்கமும் போய்விடும், பிறகு திரும்பாது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் நாள்காட்டிக்காக அடித்த ஓர் ஆணிக்கு உள்ளங்கை அகலம் பூச்சு பெயர்ந்து விழுந்தது. இவற்றையெல்லாம் வந்து பார்த்தால்தானே தெரியும்?

ஆகவே, வரக் கூடாது என்று சொல்வதைவிட எப்போது வர வேண்டும் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்த பின் தையில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், கூரை மாற்றும் ஆளையும் அப்போதே அழைத்து வரலாம். எங்கள் பெட்டகம் இருக்கும் அறைக்கு உங்கள் வளவைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால், அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது உங்களுக்கும் நல்லது. எழுதாத பொது வழிதான் எல்லாச் சச்சரவுக்கும் வித்து. சாவியை மூத்தவர் ஒருவரிடமே ஒப்படைக்கும்படி பங்காளிகளிடம் பேச வேண்டியது எங்கள் வேலை; அதை வாடகைக்காரர் தலையில் கட்டுவது முறையன்று.

மறுமொழி 3: தேவகோட்டை வாசகி

சட்டத்தைப் பெரியவர் சொல்லிவிட்டார். பார்வையிட வருகிறவர்கள் உள்ளே வந்த பின் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் பெண்களுக்குச் சிரமம் அதிகம் என்பதால், அதைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் முன்பு இருந்த வீட்டின் ஆச்சி, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்து, அடுப்படி மாடத்திலிருந்த சம்புடங்களைத் திறந்து பார்ப்பார். "இவ்வளவு பருப்பா வாங்குகிறீர்கள்?" என்பார். அன்பாகத்தான் கேட்பார், ஆனாலும் அவர் பார்க்க வந்தது ஓட்டையே தவிரப் பருப்பை அன்று. கட்டடத்தின் பகுதிகளான சுவர், கூரை, தரை, கதவு, குழாய், மின்கம்பி ஆகியவற்றைப் பார்ப்பதே பார்வையிடல். பீரோவும் படுக்கையும் மருந்துப் பெட்டியும் பெண்ணுக்கு வந்த கடிதமும் அதில் அடங்கா. இந்த எல்லையை அறிவிப்புக்கு நீங்கள் அனுப்பும் பதிலிலேயே மரியாதையாக எழுதிவிடலாம்.

வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நின்று ஒவ்வோர் இடமாகக் காட்டுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால், பழுதான இடத்தை மட்டும் உங்கள் எதிரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். கொடித் துணியை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது மின் அளவியைப் படம் எடுத்துக் காவல்காரருக்கு அனுப்பிவிட்டால், அவர் உள்ளே வர அந்தக் காரணமும் இருக்காது. அந்தக் காணொளியை நீக்கும்படி எழுத்தில் கேட்டீர்களா? தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது. குழுவில் உங்கள் தாயார் தெரியும் அந்தப் பகுதியைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்ட பிறகு எழுதுங்கள்; நீக்கிய பின் சான்று கிடைக்காது.

மறுமொழி 4: இங்கிலாந்தில் குடியிருக்கும் காரைக்குடிக்காரர்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி. இங்கும் வீட்டின் நிலையைப் பார்வையிட 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. முகவர் நிறுவனங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து அறை அறையாகப் படம் எடுக்கும் வழக்கமும் உண்டு. அறிவிப்பு வந்துவிட்டது என்பதற்காக, மறுக்கும் குடியிருப்பாளரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைய முடியாது. மறுத்தால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். "அந்த நாள் வசதிப்படாது, இந்த நாள் வாருங்கள்" என்று எழுதுவதை யாரும் மறுப்பாகக் கொள்வதில்லை. ஊரிலும் அப்படி மாற்று நாள் சொல்லிப் பழக்கலாம்.

கேட்டவர்: கோட்டையூர்க் குடித்தனக்காரர்

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்னையிலுள்ள மூத்தவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். காணொளியை நீக்கச் சொல்லிவிட்டார். நீக்கப்பட்டதை நானும் பார்த்தேன். நடுக்கதவுச் சாவியைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் சேர்க்க நான் எழுதியிருக்கும் வாசகம் இது: "உரிமையாளர்கள் தேவைப்படும்போது முன்னறிவிப்புடன் வீட்டைப் பார்வையிடலாம்." இது போதுமா? மீண்டும் சொல்லாமல் நுழைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா?

மறுமொழி 5: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

போதாது ஐயா. "தேவைப்படும்போது" என்பது யாருக்குத் தேவைப்படும்போது? "உரிமையாளர்கள்" என்றால் நால்வருமா, அவர்களுடைய மருமக்களுமா? இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: "இரண்டாம் கட்டு வளவு, அதையொட்டிய இரண்டு அறைகள், அடுப்படி, கிணற்றடி ஆகியவை வாடகைதாரரின் தனி அனுபவத்தில் இருக்கும். பழுது பார்க்கவோ கட்டடத்தின் நிலையைப் பார்வையிடவோ, உரிமையாளர்கள் சார்பில் ஒப்பமிட்டவர் அல்லது அவரால் எழுத்தில் பெயர் குறிக்கப்பட்டவர் மட்டும், 24 மணி நேரத்துக்குக் குறையாத எழுத்து மூல அறிவிப்புக்குப் பின், வாடகைதாரரோ அவர் வீட்டாரோ உடனிருக்க உள்ளே வரலாம். வாடகைதாரரின் சம்மதமின்றி வெளியாரை அழைத்து வருவதோ, குடியிருப்போரையும் அவர்கள் உடைமைகளையும் படம் பிடிப்பதோ கூடாது." பெட்டக அறைக்கு உங்கள் வழியாகப் போக வேண்டுமானால், அந்த வழியையும் தனி வரியாக எழுதுங்கள்.

காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, பிறர் அனுபவத்திலுள்ள இடத்தில் அவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைவதுதான் அத்துமீறல். அது இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையாளரே ஆனாலும் அது பொருந்தும். ஆனால் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், ஒருமுறை சொல்லாமல் வந்ததற்காகப் போனால் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் ஆட்சேபித்த பிறகும் வந்தார் என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு. ஆகவே மூத்தவருக்கு எழுதிய கடிதத்தின் நகலை மற்ற மூவருக்கும் சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பி, சான்றுகள் கிடைத்ததும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.