சிறுநீரக மாற்றுக்கு டொக்டரை எச்-இன்டெக்ஸ் பார்த்துத் தெரியலாமோ?

வெள்ளவத்தை தங்கச்சி:
அண்ணாவுக்கு வயது 34. பத்து மாதமா கிழமைக்கு மூண்டு தரம் டயலிசிஸ். அம்மாவின்ர சிறுநீரகம் பொருந்துது எண்டு போன கிழமைதான் சொன்னவை. கனடாவில இருக்கிற சித்தப்பா, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுற கூகுள் ஸ்கொலரைத் துருவி ஒரு எக்செல் அனுப்பியிருக்கிறார். கொழும்பு டொக்டர்மாரின்ர பெயர், பக்கத்தில எச்-இன்டெக்ஸ். எங்களைப் பார்க்கிறவருக்கு 6, இன்னொருவருக்கு 31. "31க்கே போங்கோ, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ" எண்டு ஒரே போன். அம்மா நேற்று முழுக்கச் சாப்பிடேல்ல. அந்த நம்பர் உண்மையில என்னத்தைச் சொல்லுது?

பழைய லைப்ரரிக்காரன்:
தங்கச்சி, மருத்துவ நூலகமொன்றில் 27 வருடம் வேலை செய்தவன் நான். 31 என்றால், அவருடைய கட்டுரைகளில் 31, ஒவ்வொன்றும் குறைந்தது 31 தடவை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் தன் துறைக்காரரை ஒப்பிடச் செய்த கணக்கு அது. வயது போகப் போக ஏறும், ஒருபோதும் இறங்காது. நாற்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையென்றாலும் நாற்பது பேருக்கும் கணக்கில் சேரும். இரத்தக்குழாயைத் தைக்கிற கையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

அதற்காகக் கட்டுரைகளே வீண் என்று நினைக்காதேங்கோ. தோமஸ் ஸ்டார்சல் 1963இல் டென்வரில் முதலாவது ஈரல் மாற்றைச் செய்தார். பிள்ளை சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்த நோயாளிகளும் ஒரு மாதம் தாண்டவில்லை. அந்தத் தோல்விகளை அதே வருடம் அவரே கட்டுரையாக எழுதினார். 1967இல்தான் வெற்றி. மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க அண்ணா இனி விழுங்கப்போகிற டக்ரோலிமஸ் என்ற மருந்து, ஜப்பானில் 1984இல் மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து எடுத்தது. 1989இல் அதை ஈரல் மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியதும் ஸ்டார்சல்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தியதாக 2011இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. 2018இல் அது செல்லாதென்று இதழே மீளப் பெற்றது. 2019இல், சீனாவில் நடந்த உறுப்பு மாற்றுகள் பற்றிய 445 ஆய்வுகளில் பெரும்பாலானவை உறுப்பு கொடுத்தவர் சம்மதித்தாரா என்பதையே சொல்லவில்லை என்று ஓர் ஆய்வு காட்டியது. உறுப்பு மாற்றுக் கட்டுரையில் நான் முதலில் தேடுவது சம்மதம் பற்றிய அந்த ஒரு வரியைத்தான்.

ஒரு நாள் நூலகத்தைப் பூட்டுகிற நேரம் ஒரு றெஜிஸ்ட்ரார், அதாவது மேற்பயிற்சியில் இருக்கிற டொக்டர், ஓடிவந்தார். சிறுநீரகம் மாற்றிய ஒருவருக்குக் காசநோய். தேடித் தேடி, நம் ஊர் இதழின் பழைய பைண்டிங் ஒன்றில் அதைப் பற்றி இரண்டே பக்கம் கிடைத்தது. ஓரம் பொடிந்த தாள். அதைக் கொப்பி எடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஓடினார். அந்த இரண்டு பக்கத்தை எழுதியவருக்கு எச்-இன்டெக்ஸ் ஒன்றுகூட இருந்திராது.

ஒன்பது வருட சிறுநீரகம்:
எனக்கும் அம்மாதான் தந்தவ. ஐயா சொன்னது சரி. நம்பரை விட்டிட்டு டொக்டரிட்ட இதுகளைக் கேளுங்கோ: உங்கட யூனிட்டில வருசத்துக்கு எத்தனை மாற்று? ஒரு வருசத்துக்குப் பிறகு எத்தனை பேரின்ர சிறுநீரகம் வேலை செய்யுது? ராவில காய்ச்சல் வந்தா ஆருக்குப் போன் எடுக்கிறது? முக்கியமா, தந்த அம்மாவுக்கு ஆர் வருசா வருசம் பிரஷரும் சிறுநீரும் பார்ப்பினம்? கோபிக்காமல் பதில் சொல்லுறவரிட்ட இருங்கோ.

இன்னொண்டு. இரத்தத்தில டக்ரோலிமஸ் அளவு பார்க்கிற நாளில காலைக் குளிசையைப் போடாமல், கையில கொண்டு போகோணும். இரத்தம் குத்தின பிறகுதான் போடுறது. நான் முதல் மாதம் மறந்துபோய் வீட்டிலேயே விழுங்கிட்டன். றிப்போட் எகிறிப்போய், மருந்தைக் குறைக்கப் பார்த்தினம். கிளினிக் மிஸ்தான் "விடிய என்னத்துக்குப் போட்டனீங்கள்?" எண்டு கேட்டுப் பிடிச்சவ.

வெள்ளவத்தை தங்கச்சி:
ஐயா, அக்கா, இண்டைக்குக் கேட்டன். டொக்டர் ஒவ்வொண்டாச் சொன்னார், யூனிட்டில சரிவராமல் போன இரண்டு பேரைப் பற்றியும் தானாவே சொன்னார். ராவில எடுக்கிற நம்பரைக் கிளினிக் கொப்பியின்ர முன் அட்டையில எழுதித் தந்தார். அம்மாவுக்கும் தனியா ஒரு கொப்பி போட்டாச்சு. சித்தப்பாவுக்கு ராவைக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறன்.