கொடைக்கானலில் 7 ஏக்கர், 25 வீடு, உள்ளே கார் கிடையாது: எதிலிருந்து தொடங்குவது?

சாரல்:
கொடைக்கானல் ஏரிக்குத் தண்ணீர் வடியும் சரிவில் 7 ஏக்கர் பட்டா நிலம். முன்பு பேரிக்காய்த் தோட்டம், இப்போது பாதிக்குமேல் வாட்டில் என்ற அயல்நாட்டு மரம் மண்டிக் கிடக்கிறது. மேல் எல்லையில் தார் ரோடு, முகப்பு 175 மீட்டர். அங்கிருந்து கீழே ஓடை வரை படுக்கைவாட்டில் 160 மீட்டர், இறக்கம் 36 மீட்டர். 25 குடும்பங்கள் சேர்ந்து வீடு கட்டி நிரந்தரமாகக் குடியிருக்க எண்ணம். காரை மேலேயே நிறுத்திவிட்டு உள்ளே நடந்துதான் போகவேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆர்க்கிடெக்ட் கொடுத்த லேஅவுட்டில் பாதி வீடுகள் ஓடையை ஒட்டி வருகின்றன, ஏரி தெரியுமாம். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி. இது சரிவருமா? எதை முதலில் முடிவு செய்யவேண்டும்?

கான்டூர்:
அந்த லேஅவுட்டை மூடி வையுங்கள். முதல் செலவு சர்வேயருக்குத்தான். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்து, அரை மீட்டர் உயர இடைவெளியில் கான்டூர் வரைபடம் (சம உயரக் கோடுகள் போட்டது) எடுங்கள். அதில் ஓடை, ஊற்றுக் கசிவு, பழைய தோட்டப் படிக்கட்டு வரப்புகள், பாறை தெரியும் இடம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சர்வேயைக் கோடையில் எடுத்தாலும், கசிவைப் பார்க்க நவம்பரில் ஒருமுறை நிலத்தில் இறங்கியே ஆகவேண்டும். அடிமரம் வில்லாக வளைந்து நுனி மட்டும் நிமிர்ந்து நிற்கும் மரங்கள் கூட்டமாக இருந்தால், அங்கே மேல்மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தத் துண்டில் வீடு வேண்டாம்.

மலையில் வீட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்த மண்சரிவுகளைப் பாருங்கள்: விடாத கனமழையில் மண் ஊறி, தன் எடை தாளாமல் இறங்கியது. ஆகவே முதலில் வரையவேண்டியது வீடு அல்ல, வடிகால்.

உங்கள் மேல் எல்லையில், ரோட்டுக்கு அடுத்து, ஒரு தடுப்பு வடிகால். மேலே இருந்து 2 ஏக்கர் மழைநீர் உங்கள் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 மி.மீ. மழை, அதில் பாதி ஓடிவந்தால் விநாடிக்குச் சுமார் 112 லிட்டர். 1:100 சரிவில் 300 × 300 மி.மீ. கல்கட்டு வாய்க்கால் 100 லிட்டருக்குள்தான் கடத்தும். 450 × 450 என்றால் 280 லிட்டர் போகும், பாதி மண் அடைத்தாலும் தாங்கும். வாட்டில் இலை அடைக்காமல் விடாது என்பதால் இந்தத் தாராளம் தேவை. இரண்டு பக்க எல்லையிலும் படிப்படியாக இறங்கும் வாய்க்கால் போட்டு ஓடைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்து நிலத்தின் தலையில் திருப்பிவிட்டால் வழக்கு வரும், சமயத்தில் அவர்கள் மண்ணே இறங்கிவிடும்.

மண்வெட்டு 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். வீட்டை இரண்டு மட்டமாக உடைத்தால் இந்த அளவு போதும். ரீட்டெய்னிங் வாலுக்கு (மண்ணைத் தாங்கும் சுவர்) பின்னால் 300 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, சுவரில் 1.5 மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. குழாய், வெளிப்பக்கம் சாய்வாக. துணியை மிச்சம் பிடித்தால் இரண்டு மழையில் ஜல்லி சேறாகி, குழாய் அடைத்து, சுவர் வயிறு தள்ளும். வெட்டிய மண்ணை ஓரத்தில் தள்ளி முற்றம் பரப்புவதுதான் இங்கே வழக்கமான தப்பு. தள்ளிய மண் ஒருநாளும் பழைய மண்ணோடு சேராது.

ஊரமைப்பு:
மேலே சொன்னதைச் செய்யவே அனுமதி வேண்டும் என்பதால் இடையில் நுழைகிறேன். கொடைக்கானலில் கனரக மண்வெட்டும் இயந்திரமும் போர்வெல் வண்டியும் நினைத்தபோது இறக்க முடியாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழு) பட்டியலில் உள்ள கிராமம் என்றால் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை கருத்துரைகள். நகராட்சி எல்லைக்குள் என்றால் மாஸ்டர் பிளானில் உங்கள் சர்வே எண் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்டில் சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டிவிடாதீர்கள், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

நிரந்தரக் குடியிருப்பு என்று சொல்கிறீர்கள். சங்க விதியில் ‘தினவாடகைக்கு விடக்கூடாது’ என்று இப்போதே எழுதிவிடுங்கள். 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இங்கே விதிமீறிய வணிகக் கட்டடங்கள் வரிசையாகச் சீல் வைக்கப்பட்டன. வீடு என்று அனுமதி வாங்கி காட்டேஜ் நடத்தும் ஒருவர் போதும், 25 வீட்டின் கோப்பும் திரும்பத் திறக்கும்.

நடைபாதை:
நடக்கும் குடியிருப்புக்கு மலையில் தூரத்தைவிட ஏற்றம்தான் கணக்கு. 36 மீட்டர் இறக்கத்தை 150 மி.மீ. படியாகக் கட்டினால் 240 படி. பால் வாங்க 240 படி ஏறுகிறவர் இரண்டாவது வருஷம் உள்ளே ரோடு கேட்பார். வீடுகளை மேலிருந்து 18 மீட்டர் இறக்கத்துக்குள் நிறுத்துங்கள். 1:12 சரிவில் 216 மீட்டர் பாதை, 9 மீட்டருக்கு ஒரு 1.5 மீட்டர் சமதளம் சேர்த்தால் ஏறத்தாழ 250. ஒரே ஒரு திருப்பத்தோடு உங்கள் 175 மீட்டர் முகப்புக்குள் அடங்கிவிடும், சக்கர நாற்காலியும் போகும். குறுக்குவழிக்குப் படிக்கட்டு தனியாக: 150 ஏற்றம், 300 மிதி, 12 படிக்கு ஒரு சமதளம், 900 மி.மீ. உயரத்தில் கைப்பிடி.

அகலம் 1.8 மீட்டர். நிரம்பிய காஸ் சிலிண்டர் முப்பது கிலோ வரும், அதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக இவ்வளவு வேண்டும். மேற்பரப்பில் இன்டர்லாக் கல்லோ வழவழப்பான கடப்பாவோ போடாதீர்கள், மூடுபனியில் பாசி பிடித்து வழுக்கும். கொத்திவிட்ட கருங்கல், இல்லையென்றால் குறுக்குக்கோடு இழுத்த கான்கிரீட். மலைப்பக்கமாக 2 சதவீதம் சாய்வு கொடுத்து உள்ஓரத்தில் சிறு வாய்க்கால். பள்ளத்துப் பக்கம் சாய்த்தால் பாதையின் விளிம்பை மழை அரிக்கும்.

காருக்கு மைதானம் வெட்டாதீர்கள். ரோட்டை ஒட்டி நீளவாக்கில் 2.5 × 6 மீட்டர் இடம், எட்டெட்டாக மூன்று வரிசை, 24 கார், 144 மீட்டர். குறுக்கே மட்ட வித்தியாசம் 55 செ.மீ.தான். இதையே செங்குத்து வரிசையாக்கி நடுவில் வண்டி திரும்ப இடம் விட்டால் இரண்டரை மீட்டர் மண்வெட்டு வரும். இரவு விளக்கு முழங்கால் உயரத்தில் போதும். ஓடைப்பக்கம் கம்பிவேலி வேண்டாம், காட்டுமாடு அந்த வழியாகத்தான் இறங்கும். வேலி போட்டால் அது உங்கள் படிக்கட்டு வழியாக வரும்.

சாரல்:
கீழ்ப்பாதியில் வீடே இல்லையென்றால் சிலர் முறைப்பார்கள். அந்த இடத்தை என்ன செய்வது? செப்டிக் டேங்க் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கழிவுநீர்:
கீழ்ப்பாதி அதற்குத்தான். சரிவில் 25 உறிஞ்சுகுழி என்றால் 25 இடத்தில் மண்ணை வருஷம் முழுக்க ஊறவைக்கிறீர்கள். ஊறியது கீழ் வீட்டுத் தரையில் கசியும், மிச்சம் ஓடை வழியாக ஏரிக்கு. ஏரியில் களை தழைக்க அந்தச் சத்து போதும்.

100 பேர், தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவு: நாளுக்கு 10,800 லிட்டர். 110 மி.மீ. குழாய் 1:60 சரிவில், மட்டம் சட்டென்று இறங்கும் இடத்தில் டிராப் சேம்பர், அதாவது கழிவை நேர்கீழாக இறக்கும் தொட்டி. மோட்டார் இல்லாமல் தானாக இறங்கும். முதலில் படிவுத் தொட்டியும் தடுப்பறைத் தொட்டியும் (குறுக்குச் சுவர்களால் பல அறையாகப் பிரித்தது) சேர்த்து மூன்று நாள் கொள்ளளவு, 32,000 லிட்டர். சமவெளியில் இதற்குக் குறைவாகவே போடுவார்கள், இங்கே குளிரில் நுண்ணுயிர் மந்தம். அடுத்து கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் படுகை: 60 செ.மீ. ஆழம், ஆளுக்கு 2.5 ச.மீ., மொத்தம் ஆறு சென்ட்.

ஒன்றைப் பலர் மறக்கிறார்கள். தொட்டியை ஓடையோரம் வைத்தால் சேறு எடுக்கும் லாரி ரோட்டிலிருந்து அதை உறிஞ்ச முடியாது. இந்த உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, கணக்குப்படியே எட்டு மீட்டர்தான் இழுக்கும், நடைமுறையில் இன்னும் குறையும். தொட்டி 18 மீட்டர் மட்டத்தில் இருக்கட்டும். அதுவரை 3.5 மீட்டர் அகலத்தில் 1:10 சரிவில் ஒரே மூலைவாட்டு வண்டிப்பாதை, 180 மீட்டர். ஆம்புலன்ஸுக்கும் அதுவே. வாயிலில் எடுத்துவிடும் கம்பம் நட்டால் தினசரி கார் நுழையாது.

சுத்திகரித்த நீரில் 3,000 லிட்டர் கழிப்பறைக்கு மேலேற்றலாம். மிச்சம் 7,800. கீழ்ப்பாதியில் ஒரு ஏக்கருக்குச் சொட்டுக்குழாயில் பரப்பினால் நாளுக்கு 2 மி.மீ.தான், மழைக்காலத்திலும் மண் தாங்கும். ஓரிடத்தில் மட்டும் கொட்டாதீர்கள். சொட்டுக்குழாய்க்கு முன் வடிகட்டி, வாரம் ஒருமுறை கழுவவேண்டும். அனுமதி வாங்கி வாட்டிலைப் பகுதி பகுதியாக எடுத்து நாவல் போன்ற சோலை மரம் வையுங்கள். மொத்தமாக மொட்டையடித்தால் முதல் மழையிலேயே மேல்மண் போய்விடும், விழுந்த வாட்டில் விதையும் கூட்டமாக முளைக்கும்.

குடிநீருக்கு: 120 ச.மீ. கூரை, ஆண்டு மழை சுமார் 1,600 மி.மீ., 80 சதவீதம் பிடித்தால் வீட்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். ஜனவரி முதல் மார்ச் வரை நாலு பேருக்கு நாளுக்கு 400 லிட்டர் என்றால் 36,000. அந்த அளவு தொட்டியை வீட்டின் கீழ்மட்டத்தில் கட்டுங்கள், மண்வெட்டிய இடம் வீணாகாது. முதல் மழையின் 120 லிட்டரைத் தனியே கழித்துவிட ஒரு குழாய் வையுங்கள், அடியில் திருகுமூடியோடு. மூடி இல்லாமல் ஒட்டிவிடுகிறார்கள், பிறகு அழுக்கு முழுக்கத் தொட்டிக்குள்தான் போகும்.