மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: ரிப்பீட்டர் வாங்கலாமா, கேபிள் இழுக்கலாமா?

மொட்டைமாடி கேட்டது:
கீழ்வீடும் முதல் மாடியும். 9 அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிய ரௌட்டர் பெட்டி கீழே ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்றால் 95 வரை வருகிறது. மாடியில் பின்பக்க அறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரிவதே இல்லை, 2.4இல் 4 அல்லது 5 எம்பிபிஎஸ்தான். வைஃபை அளக்கும் அனலைசர் ஆப்பில் சிக்னல் -82 dBm காட்டுகிறது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). பழைய ரௌட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாங்கினால் போதுமா?

ஆறாம்சேனல்:
முதலில் காசில்லாத வேலை. பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஆள் உயரத்துக்கு மேல், மாடிப்படிப் பக்கமாக மாட்டுங்கள். பக்கத்தில் இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், நிலைக்கண்ணாடி கூடாது. ஃபைபர் வயரை நீங்களே மடக்கி இழுக்க வேண்டாம், ஒரு மடிப்பில் உள்ளே கண்ணாடி இழை போய்விடும். இணைப்பு கொடுத்தவர்களையே வரச் சொல்லுங்கள். 2.4இல் சேனலை (வைஃபை ஓடும் அலைப்பாதை) 1, 6, 11 இந்த மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

ஆனால் இதோடு தீராது. வீடியோ கால் தடங்கலின்றி ஓட -67 அளவாவது வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் சிக்னல் இரட்டிப்பாகும் என்று வைத்தால், -82இலிருந்து அங்கே வர சுமார் 30 மடங்கு சிக்னல் தேவை. குறுக்கே நிற்பது கம்பி கட்டிய கான்கிரீட்.

ரிப்பீட்டர் வாங்கியே தீருவேன் என்றால் அதைச் சிக்னல் இல்லாத அறையில் செருகாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். -60, -65 கிடைக்கும் படிக்கட்டு நடுவில் இருக்க வேண்டும். அங்கே வைத்தாலும் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும்.

செம்புக்கம்பி:
பழைய ரௌட்டர் இருக்கும்போது ரிப்பீட்டர் எதற்கு? அதை மாடியில வச்சு கீழ்ப்பெட்டியோட கேபிள்ல இணைச்சிடுங்க. கேட்6 கேபிள் (நெட்வொர்க் வயர்) 20 மீட்டர் வாங்குங்க. முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல செம்பு பூசினது மலிவா கிடைக்கும், வளைச்சா முறியும். வெளிச்சுவர்ல போகுதுன்னா வெயில் தாங்குற கறுப்பு உறை கேபிள். உள்ளே நுழையுற ஓட்டைக்கு முன்னாடி கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும்.

ரெண்டு முனையிலும் பிளக்குக்குள்ள கம்பிகளோட நிறம் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு.

இனி பழைய ரௌட்டர். அதை ரீசெட் பண்ணி லேப்டாப்போட மட்டும் இணைங்க. முதல்ல வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூணையும் கீழே இருக்கிற மாதிரியே வைங்க. சேனல் மட்டும் வேற: கீழே 1ன்னா மேலே 11, 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தா கீழே 36, மேலே 149. அப்புறம் லேன் முகவரி (வீட்டு நெட்வொர்க்குக்குள்ள இந்த ரௌட்டரோட முகவரி). கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதுக்கு 192.168.1.250 கொடுங்க, கீழ்ப்பெட்டி தானா பங்கிடுற முகவரிகளுக்குள்ள அது வராம பாத்துக்குங்க. கடைசியாத்தான் இந்த ரௌட்டரோட டிஹெச்சிபியை (தானா முகவரி பங்கிடுற வசதி) அணைக்கணும். முன்னாடியே அணைச்சா லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காம செட்டிங் பக்கமே திறக்காது.

கேபிளோட ஒரு முனையை கீழ்ப்பெட்டியோட லேன் போர்ட்லயும் மறுமுனையை பழைய ரௌட்டரோட லேன் போர்ட்லயும் செருகுங்க. பழைய ரௌட்டரோட வேன் போர்ட் (வெளியிலிருந்து இன்டர்நெட் வர்ற போர்ட்) காலியா இருக்கட்டும், அதுல செருகினா மேலே இருக்கிற போனுக்கு கீழே இருக்கிற பிரிண்டர் தெரியாது. டிஹெச்சிபி அணைக்க மறந்தா சில போன்ல மட்டும் 'இணைந்தது, இன்டர்நெட் இல்லை'ன்னு வரும். ஆக்சஸ் பாயின்ட் மோட் (வைஃபை மட்டும் கொடுக்கிற செட்டிங்) இருக்கிற மாடல்னா இந்த வேலை பாதி மிச்சம்.

மொட்டைமாடி:
நன்றி சார். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இந்தக் கேபிளையும் விடலாமா? மாடிக்குப் போனாலும் போன் கீழ் ரௌட்டரையே பிடித்துக்கொண்டு இருந்தால்?

செம்புக்கம்பி:
விடக்கூடாது. 230 வோல்ட் வயரோட உறை உரசித் தேஞ்சா ரௌட்டர் கெடுறதோட நிக்காது, தொடுற ஆளுக்கும் ஆபத்து. தனி பைப் போடுங்க. போன் விடாம ஒட்டிக்கிட்டா கீழ் ரௌட்டரோட டிரான்ஸ்மிட் பவரை (சிக்னல் அனுப்புற வலிமை) ஒரு படி குறைங்க. எந்த ரௌட்டருக்குத் தாவுறதுங்கிறது போனோட முடிவு, ரௌட்டரோடது இல்ல.

படிக்கட்டு:
வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்களுக்கு: மூன்று ரேடியோ உள்ள மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்) வாங்கினால் ஒரு ரேடியோ பெட்டிகளுக்கிடையே பேசுவதற்கென்றே இருக்கும், வேகம் அவ்வளவு அடிபடாது. கரண்ட் வயர் வழியாக இன்டர்நெட் கடத்தும் அடாப்டரை மூன்று ஃபேஸ் வீட்டில் யோசித்து வாங்குங்கள்; கீழும் மேலும் வேறு வேறு ஃபேஸ் என்றால் இணைப்பு பலவீனமாகலாம், கிடைக்காமலும் போகலாம். அப்புறம், கரண்ட் போனால் மாடி ரௌட்டருக்கும் மினி யுபிஎஸ் வேண்டும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், 9 வோல்ட் ரௌட்டரில் 12ஐச் செருகிவிடாதீர்கள்.