ஒன்பதரைக் கோடி கொடுத்து வரியை ஆராயணுமா?

மடிவாளா மணி:
பெங்களூர்லேர்ந்து எழுதறேன். 2024 ஜூன்ல இங்க ரெண்டு செய்தி அடுத்தடுத்து வந்துச்சு. மாநில வருமானத்தைக் கூட்ட வழி சொல்ல பாஸ்டன் கன்சல்டிங் குரூப்ங்கற ஆலோசனை கம்பெனியை கர்நாடக அரசு அமர்த்தியிருக்கு, ஆறு மாசத்துக்கு ஒன்பதரைக் கோடி. இன்னொண்ணு, பெட்ரோல் மேல விற்பனை வரி 25.92லேர்ந்து 29.84 சதவீதம். பங்க்ல லிட்டருக்கு மூணு ரூபா கூடிப்போச்சு. ரெண்டுக்கும் நான் முடிச்சுப் போடல. ஆனா பெட்ரோல் வரியை ஏத்தினா காசு வரும்னு சொல்ல கோட்டு சூட்டு ஆளு எதுக்கு? தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு ஆய்வு வேணும்னு போன வாரம் இந்தக் குழுவுல ஒருத்தர் எழுதியிருந்தார். யாராவது நியாயப்படுத்துங்க பார்ப்போம்.

ஓய்வுபெற்ற வணிகவரி:
வேண்டவே வேண்டாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தானாக விகிதத்தை மாற்றக்கூடியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்ரோல் டீசல், மது, பத்திரப்பதிவு, வண்டி வரி, மின்சார வரி. இதில் எவன் வந்து என்ன புதையலைத் தோண்டப் போகிறான்? 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது அதுதான். ஓட்டை எங்கெங்கே என்று நிதித்துறை தன் கணக்கை வைத்தே அதில் எழுதிவிட்டது.

எண்பித்தன்:
சார், நான் அந்த மாதிரி ஒரு கம்பெனியில மூணு வருஷம் குப்பை கொட்டினவன், அதனால உள்ளே நடக்கிறதைச் சொல்றேன். முதல் வாரம் எல்லா ஊர்லயும் ஒரே வேலைதான். மாநிலத்தோட சொந்த வரியை மாநில உற்பத்தியால வகுத்து, பக்கத்து மாநிலங்களோட வரிசையில வைப்போம். அடுத்து, உற்பத்தி 10 சதவீதம் வளர்ந்தப்ப வரி எவ்வளவு வளர்ந்துச்சுன்னு பார்ப்போம். 8தான்னா எங்கயோ ஒழுகுது. விகிதத்தை மாத்தறது பத்தி யாருமே பேச மாட்டாங்க, ஒழுகற இடம் எதுங்கறதுதான் வேலை. இரும்பு உருக்கற ஆலை எவ்வளவு கரண்ட் இழுத்துச்சு, எத்தனை டன் வித்ததா ரிட்டர்ன் போட்டான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா கதை வெளிய வந்துடும். மின்வாரியத்து டேட்டா ஒரு துறையில, ரிட்டர்ன் இன்னொரு துறையில. ரெண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டு வர்றதுக்குத்தான் அந்தக் காசு.

ஓய்வுபெற்ற வணிகவரி:
தம்பி, கணினி வருவதற்கு முன்பே ஈபி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலை வாசலில் நின்றவர்கள் நாங்கள். கரண்ட் கணக்கை மட்டும் நம்பி வரி போட்டால் கோர்ட்டில் நிற்காது. பழைய ஃபர்னஸ், மட்ட ரக ஸ்கிராப் என்று ஆலைக்காரன் சொல்வான், நீதிபதி வேறு ஆதாரம் எங்கே என்பார். உங்கள் ஸ்லைடில் இது வருமா?

எண்பித்தன்:
வராது, ஒத்துக்கறேன். ஆனா ஐநூறு ஆலையில எந்த முப்பது வாசல்ல போய் நிக்கணும்னு அது சொல்லும்.

பத்திரம் பாலு:
பெரியவங்க பேசறீங்க, நடுவுல ஒரு வார்த்தை. நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீஸ் எதிர்ல ஒரு தகரக் கொட்டகைதான் நம்ம கடை. 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக கவர்மென்ட் நிலத்துக்குக் குறிச்சு வெச்ச விலையை, 33 சதவீதம் குறைச்சாங்க, அதே கையோட பதிவுக் கட்டணத்தை 1லேர்ந்து 4 ஆக்கினாங்க. முத்திரைத் தீர்வை 7 அப்படியே. 30 லட்சம் மதிப்புக்கு முன்னாடி 8 சதவீதம், 2,40,000. அப்புறம் 20,10,000க்கு 11 சதவீதம், 2,21,100. கவர்மென்டுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. ஜனங்களுக்குத்தான் வினை ஆச்சு. 60 லட்சத்துக்குக் கை மாறற மனைக்குப் பத்திரத்துல 20 லட்சம்னு எழுதச் சொல்லுவாங்க. மாசச் சம்பளக்காரன் வீடு வாங்க வந்தா, பேங்க்காரன் பத்திரத்துல உள்ள தொகையைப் பார்த்துதான் லோன் தர்றான். மீதிக்கு நகையை வெச்சான். 2023 ஏப்ரல்ல பழைய மதிப்பையே கொண்டு வந்து கட்டணத்தை 2 ஆக்கினாங்க.

மடிவாளா மணி:
பாலு அண்ணே, அப்ப 2023ல 30 லட்சத்துக்கு 9 சதவீதம், 2,70,000. ஏத்தினதுதானே?

பத்திரம் பாலு:
ஏத்தினதுதான் தம்பி. கறுப்பு கொஞ்சம் வெளுத்துச்சு, அதையும் சேர்த்துச் சொல்லு.

எண்பித்தன்:
இதைத்தான் சொல்ல வர்றேன்! 2017ல ரெண்டு மாத்தத்தையும் சேர்த்து முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்கும்.

ஓய்வுபெற்ற வணிகவரி:
தெரியாமல் செய்தார்கள் என்று யார் சொன்னது? சென்னை சொத்து வரியைப் பாருங்கள். அது மாநகராட்சி வரி என்று வம்புக்கு வராதீர்கள், முடிவு கோட்டையில்தான். 1998க்குப் பிறகு 2018ல் ஏற்றினார்கள். 2019ல் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது, ஏப்ரலில் 150 சதவீதம் வரை ஏறியது. ஆட்சி மாறினாலும் காலண்டர் ஒன்றுதான். எந்த ஆலோசகர் இதை மாற்றுவார்?

மடிவாளா மணி:
ஆலோசகர் பேச்சைக் கேட்டுக் கெட்ட கதையும் உண்டு. அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலம். வருமான வரியைக் குறைச்சா வளர்ச்சி பிச்சுக்கும்னு சொன்ன ஆர்தர் லாஃபரை 75,000 டாலர் கொடுத்துக் கூப்பிட்டாங்க. 2012ல ஆளுநர் பிரவுன்பேக் வெட்டினார். கஜானா காலி. 2017ல அவரோட சொந்தக் கட்சிக்காரங்களே அவர் வீட்டோவை, அதாவது மறுப்பாணையை, மீறித் திருப்பி ஏத்தினாங்க. லாஃபர் அந்த 75,000ஐத் திருப்பிக் கொடுத்தாரா?

எண்பித்தன்:
அது ஆய்வு இல்ல மணி, கொள்கை. முன்னாடியே முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த ஆளைப் பிடிச்சாங்க. அப்படிப்பட்ட ஒப்பந்தம் நம்ம பக்கமும் இருக்கலாம், மறுக்கல. பாலு அண்ணே, ஒரு யோசனை. உங்க ஏரியாவுல பத்து வருஷமா நிஜமா கை மாறின தொகையும் பத்திரத் தொகையும் உங்க நோட்டுல இருக்குமே? ஆளு பேரு வேண்டாம், தெருவும் சதுரடியும் போதும். எந்தக் கம்பெனிகிட்டயும் இல்லாத டேட்டா அது.

பத்திரம் பாலு:
நோட்டா? நல்லா சொன்னீங்க சார். நிஜத் தொகையை எந்தப் பத்திர எழுத்தரும் பேனாவால எழுத மாட்டான். வாயால சொல்லுவாங்க, டீ குடிக்கறதுக்குள்ள மறந்துடுவோம். நாளைக்கே மதிப்பைக் குறைச்சுக் காட்டினதா 47ஏ நோட்டீஸ் வந்தா பார்ட்டி முதல்ல என் கொட்டகைக்குத்தான் வருவான்.