வெளிநாட்டில் யாரோடு பழகுவது? நம்மட ஆக்கள் போதுமா?

உப்புவெளி அக்கா:
என் தம்பி ஆகஸ்டில் மேற்படிப்புக்காக நோர்வேயின் பெர்கன் நகரத்துக்குப் போனான். விடுதியில் ஆறு பேருக்கு ஒரே குசினி (சமையலறை). மூன்று மாதமாகியும் மற்ற ஐந்து பேரின் பெயர்கூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. சனி, ஞாயிறில் அங்குள்ள தமிழ் வீடுகளுக்குப் போகிறான். மற்ற நாளெல்லாம் எங்களோடு வாட்ஸ்அப்பில். கேட்டால், "அவங்கள் கதைக்க மாட்டாங்கள் அக்கா" என்கிறான். நம்மட ஆக்கள் இருக்காங்கதானே, அது போதும் என்பது அம்மாவின் கட்சி. போதாது என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஹம் நகரத்தான் (ஜேர்மனி):
அம்மா சொல்வதுதான் சரி, தங்கச்சி. நான் 1986 இல் அகதியாக வந்தவன். முதல் குளிருக்கு ஜாக்கெட் தந்ததும், எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று காட்டியதும் ஒரு மட்டக்களப்பு அண்ணன்தான். 2002 இல் இங்கே காமாட்சி அம்பாள் கோயில் எழும்பியது. தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில் நடக்கும். ஜேர்மன்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். நாங்கள் ஒன்றாக நின்றதால்தான் தேடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் போயிருந்தால் கரைந்து போயிருப்போம்.

ஒஸ்லோ திருமலை:
அண்ணா, கோயில் வேணும், நான் மறுக்கவில்லை. ஆனால் தேர் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் பெயர் நமக்குத் தெரியாது, நம் பெயர் அவருக்குத் தெரியாது. அது பழக்கம் இல்லையே.

அக்கா, தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். நோர்வேயில் பஸ்ஸில் வேறு சீட் காலியாக இருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் வந்து இருக்கமாட்டார்கள். வெறுப்பு இல்லை, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதை அது. அதே ஆள் மலைப்பாதையில் எதிரே வந்தால் "ஹெய்" சொல்லுவார். இது விளங்கவே எனக்கு நான்கு வருடம் போனது.

அப்புறம் டுக்னாட் என்று ஒன்று இருக்கிறது, நம் ஊர்ச் சிரமதானம் மாதிரி. வசந்தம் வந்ததும், மே 17 தேசிய தினத்துக்கு முன்பு, குடியிருப்பில் எல்லாரும் இறங்கி முற்றம் துப்புரவாக்குவார்கள். முதல் வருடம் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருடம் இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா கையில் ஒரு வாரியைத் தந்து, பனிக்கு அடியில் மக்கிக் கிடந்த இலையை எப்படிப் புல் பிடுங்காமல் இழுப்பது என்று காட்டினா. இரண்டு மணித்தியாலம் கதைத்தோம், வகுப்பில் அவ்வளவு நோர்வேஜியன் நான் கதைத்ததில்லை. அடுத்த நாள் படிக்கட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டா.

கிண்ணியா நானா (கட்டார்):
நீங்க ரெண்டு பேரும் அந்த நாட்டு ஆக்களைப் பற்றியே கதைக்கிறீங்க. கட்டாரில் குடிமக்கள் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். எனக்குப் பழக்கமானது நேபாளிகள், வங்காளிகள், மலையாளிகள். ரூமில் ஒரு நேபாளிக் கூட்டாளி இருந்தான், இந்து. நோன்பு மாதத்தில் நைட் டியூட்டி முடிந்து வந்தால் உடனே படுக்கமாட்டான். சஹர் (விடியமுன் நோன்புச் சாப்பாடு) நேரம் பார்த்து என் காலைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் படுப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேணும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில்தான் திருமலைக்கு (திருகோணமலைக்கு) வருவோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் அதில் தோளோடு தோள் நிற்போம். ஆனால் நான் சிங்களம் கதைக்கத் தொடங்கியது கட்டாரில், குருநாகல் பெடியன் ஒருவனோடு. ஊரில் இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் கதைக்கவில்லையே என்பது இன்னும் மனசைக் குத்துது.

ஹம் நகரத்தான்:
நானா, நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் எப்போதும் வந்தவன்தான் முதல் அடி வைக்க வேணுமா? மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டோம். மனுசி விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தா. வந்தது இரண்டு பிள்ளைகள். மிச்சத் தட்டெல்லாம் மேசையில் அடுக்கினபடியே இருந்தது. மகள் ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினாள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஒஸ்லோ திருமலை:
அந்தத் தட்டுகளுக்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. வந்த அந்த இரண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

ஹம் நகரத்தான்:
ஒருத்தி போன வருடம் மகளின் கல்யாணத்துக்குச் சேலை கட்டி வந்தாள். முதல் நாளே வந்து மாலை கட்டவும் இருந்தாள். சரி, அதை நான் சொல்லியிருக்க வேணும். ஆனாலும் தங்கச்சி, தமிழ் வீடுகளை விடச் சொல்லாதீர்கள். காய்ச்சல் வந்து படுத்தால் அவர்கள்தான் கஞ்சி கொண்டு வருவார்கள்.

உப்புவெளி அக்கா:
விடச் சொல்லமாட்டேன் அண்ணா. எல்லாரும் எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அதே குசினியில் சமைக்கிற மூன்று பேரோடு மலைக்குப் போயிருக்கிறான். அவனாகவே "நானும் வரட்டா" என்று கேட்டானாம். பெர்கனைச் சுற்றி ஏழு மலை என்று அவர்கள் சொல்ல, எங்கள் ஊரில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு என்று இவன் கன்னியாவைச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறு வேறு என்றதை ஒருத்தரும் நம்பவில்லையாம். படம் கேட்கிறான். நாளை காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஏழையும் எடுத்து அனுப்பப் போகிறேன்.